கல்லீரலின் வைட்டமின் ஏ சேமிப்பும் குருத்தணுக்களும்

மும்பையில் தாராவி, செம்பூர் முதலிய பகுதிகளின் அங்கன்வாடிகளிலும் சுகாதார நிலையங்களிலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தைகளுக்கு ஒரு கரண்டி வைட்டமின் ஏ மருந்து புகட்டப்படுகிறது. வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் ஏற்பட்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, நகர்ப்புறத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட சிலவற்றுள் தாராவியும் ஒன்றாக இருந்தது. மற்ற சத்துகளை நாள்தோறும் உண்ண வேண்டியிருக்க, இதை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும் என்பது எவ்வாறு? தாய்மார் பணியாளரிடமும், மாணவர் ஆசிரியரிடமும் கேட்கக்கூடிய இக்கேள்விக்கு விடை கல்லீரலில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒன்பதாம் மாதத்தில், தட்டம்மைத் தடுப்பூசியின்போது, 1 லட்சம் யூனிட் அளிக்கப்படுகிறது. இது 1 மில்லி லிட்டர் மருந்து. ஒன்றரை வயதையொட்டி 2 லட்சம் யூனிட். பிறகு ஐந்து வயது முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே அளவு. ஆக ஒன்பது வேளைகளில் 17 லட்சம் யூனிட். இரண்டு லட்சம் யூனிட் என்பது 60 மில்லிகிராம் ரெட்டினால். சிறு குழந்தையின் அன்றாடத் தேவையோ சுமார் 400 மைக்ரோகிராம். அதாவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. புகட்டியதில் ஒரு பகுதி உடலில் தங்காமல் கழிந்துவிடும். எஞ்சியதைக் கல்லீரல் பத்திரப்படுத்தி, சிறிது சிறிதாக இரத்தத்துக்கு வழங்கி, அன்றாட ஆகாரத்தின் குறையைப் பல மாதங்களுக்கு ஈடு செய்கிறது.

இந்தச் சேமிப்பு கல்லீரலில் எங்கே இருக்கிறது என்பதை அறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1876-இல் ஜெர்மன் அறிஞர் குப்பர் கல்லீரலைத் தங்க உப்புக் கரைசலில் ஊறவைத்து ஆராய்ந்தபோது, நட்சத்திர வடிவுள்ள உயிரணுக்கள் சிலவற்றைக் கண்டார். பின்னர் அவரே அவற்றை இரத்தக் குழாயினுள் அழுக்கை விழுங்கும் வேறு உயிரணுக்களோடு சேர்த்து எண்ணிவிட்டார். 1951-இல் ஜப்பானியர் இட்டோ, மனிதக் கல்லீரலில் கொழுப்புத் துளிகள் நிறைந்த உயிரணுக்களை விவரித்தார். அவையும் குப்பரின் நட்சத்திர உயிரணுக்களும் ஒன்றே என்றும், அத்துளிகளில் இருப்பது வைட்டமின் ஏ என்றும் 1971-இல் வாக்கே என்ற மற்றொரு ஜப்பானியர் நிறுவினார். புற ஊதாக் கதிர் பட்டவுடன் இத்துளிகள் நீலப்பச்சையாக ஒளிர்ந்து விரைவில் மங்கிவிடும். ஒளி வைட்டமின் ஏயைச் சிதைப்பதே காரணம். மருந்துப் புட்டியை வெயில் படாமல் வைக்கச் சொல்வதும் இதனாலேயே. கல்லீரலின் உயிரணுக்களில் நட்சத்திர உயிரணுக்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனினும், சத்துக் குறைவில்லாத ஒருவரின் உடலிலுள்ள வைட்டமின் ஏயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கல்லீரலில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இவற்றிடமே உள்ளது.

வைட்டமின் ஏ என்பது ஒரே பொருளன்று, ஒரு குடும்பம். சேமிப்பில் இருப்பது கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த வடிவம். இரத்தத்தில் பயணம் செய்வது ரெட்டினால். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணர உதவுவது ரெட்டினால் என்பதிலிருந்து உண்டாகும் ரெட்டினால்டிஹைடு. இவற்றுக்கு அடுத்த வடிவமான ரெட்டினாயிக் அமிலம் பார்வைக்குப் பயன்படுவதில்லை. அதன் வேலை வேறு. அது உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று, அங்குள்ள ஏற்பிப் புரதங்களோடு பொருந்தி, எந்த மரபணு இயங்க வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. இந்த ஏற்பிகளுள் முதலாவது 1987-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது.

இங்கேதான் குருத்தணுக்கள் என்னும் பொருள் வருகிறது. வாழையின் குருத்து விரிந்து இலையாவதைப் போல, இன்ன வேலைக்கென்று முதிராத உயிரணு பிரிந்து பெருகித் தோலாகவோ, குடலின் உட்படலமாகவோ, கல்லீரல் உயிரணுவாகவோ முதிர்கிறது. முதிராத அந்த உயிரணுவே குருத்தணு. வாழைக் குருத்து இலையாகவே விரியும். குருத்தணுவுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எவ்வழியில் செல்வது என்பதற்கு அதற்குக் கட்டளை வேண்டும். அக்கட்டளைகளுள் ஒன்று ரெட்டினாயிக் அமிலம்.

கட்டளை கிடைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை 1925-இல் உல்பாக், ஹோவ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டினர். வைட்டமின் ஏ இல்லாத ஆகாரம் உண்ட எலிகளின் மூச்சுக்குழல், சிறுநீர்ப் பாதை முதலிய இடங்களில், ஈரமான மென்படலம் இருக்க வேண்டிய பரப்பில், தோலைப் போன்ற வறண்ட செதில் படலம் உண்டாகியிருந்தது. களப்பணியாளர் குழந்தையின் வெண்விழியில் காணும் நுரை போன்ற பிட்டோ புள்ளியும் இத்தகையதே. அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. அங்குள்ள அடியுயிரணுக்கள் தவறான திசையில் முதிர்ந்ததன் அடையாளம். அதைத் துடைத்துப் பயனில்லை. அத்தகைய குழந்தையையும், மாலைக்கண் உள்ள குழந்தையையும் அடுத்த முறைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கல்லீரலின் குருத்தணுக்களைப் பற்றிய அறிவு இவ்வளவு தெளிவானதன்று. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால், முதிர்ந்த உயிரணுக்களே பிரிந்து குறையை நிரப்புகின்றன. நோயினாலோ நஞ்சினாலோ அவை பிரியும் சக்தியை இழக்கும்போது, பித்தச் சிறுநாளங்களின் ஓரத்திலுள்ள சிறிய உயிரணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. எலிகளில் இவை 1956-இல் முட்டை வடிவ உயிரணுக்கள் எனப் பெயர் பெற்றன. இவை கல்லீரல் உயிரணுவாகவும் முதிரலாம். பித்தநாளப் படலமாகவும் ஆகலாம். இவற்றை அடுத்தே நட்சத்திர உயிரணுக்களும் அமைந்திருக்கின்றன. களஞ்சியமும் நாற்றங்காலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போன்ற அமைப்பு இது.

சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இங்குக் குறிப்பிடத்தக்கது. எலிக்கருவின் கல்லீரலிலிருந்து எடுத்த முதிராத உயிரணுக்களுக்கு அவர்கள் ரெட்டினாயிக் அமிலத்தை அளித்தனர். கருப்பருவத்துக்குரிய புரதம் அவற்றில் குறைந்தது. முதிர்ந்த கல்லீரல் சுரக்கும் ஆல்புமின் கூடியது. கிளைக்கோஜன் மாவுச்சத்தைச் சேமிக்கும் திறமையும் வந்தது. அதாவது அந்த உயிரணுக்கள் முதிர்ச்சியை நோக்கிச் சென்றன. கண்ணாடித் தட்டில் நிகழ்ந்ததெல்லாம் நோயாளியின் உடலிலும் நிகழும் என்று இதைக்கொண்டு கூறுவதற்கில்லை.

மருத்துவத்தில் இவ்வகைப் பொருள்கள் பெற்ற வெற்றி ஒன்று உண்டு; அது கல்லீரலில் அன்று, இரத்தத்தில். புரோமைலோசைட்டிக் என்னும் ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் முதிராமலேயே பெருகுகின்றன. 1988-இல் ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்துப் பெற்ற பலனை வெளியிட்டனர். நோயணுக்கள் கொல்லப்படாமல் முதிர்ச்சி அடைந்தன. இன்று அது உலகெங்கும் வழங்கும் சிகிச்சை. கல்லீரலைப் பொறுத்தவரை, புற்றுக்கட்டி நீக்கப்பட்ட 89 பேரிடம் ஜப்பானில் நடந்த சோதனையின் முடிவு 1996-இல் வெளிவந்தது. ரெட்டினாயிக் அமிலத்தை ஒத்த செயற்கைப் பொருள் ஒன்றை ஓராண்டு உண்ட 44 பேரில் 12 பேருக்கும், போலி மாத்திரை உண்ட 45 பேரில் 22 பேருக்கும் மீண்டும் கட்டி தோன்றியது. நம்பிக்கை தந்த செய்திதான். ஆனால் பின்னர் பெரிய அளவில் நடந்த சோதனை எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. கல்லீரல் நோய்க்கு வைட்டமின் ஏ நல்லது என்று யாரேனும் சொன்னால் பணியாளர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏனெனில், களஞ்சியத்தைக் காக்கும் உயிரணுவே கேடும் செய்யும். மதுவினாலோ மஞ்சட்காமாலைக் கிருமிகளாலோ கல்லீரல் நெடுநாள் புண்படும்போது, நட்சத்திர உயிரணுக்கள் தம்மிடமுள்ள வைட்டமின் ஏயை இழந்து, நார்களை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் நோயில் காணும் தழும்பு பெரிதும் இவற்றின் வேலையே. குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர்களிடம் இச்சேமிப்பு மிகக் குறைந்திருப்பது 1982-இல் அளந்து அறியப்பட்டது. குறைந்ததை மாத்திரையால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். அது தவறு. மிகையான வைட்டமின் ஏ தானே கல்லீரலைப் புண்படுத்தும். மதுவோடு சேர்ந்தால் தீங்கு இன்னும் அதிகம். வடதுருவக் கரடியின் ஈரலை உண்டவர்கள் கடுந்தலைவலியும் வாந்தியும் கண்டு தோலுரிந்து துன்புற்றது பழைய செய்தி. அந்த ஈரல் ஒரு கிராமில் பதினாயிரம் யூனிட்டுக்கு மேல் கொண்டது.

நம் நாட்டிலும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 2001 நவம்பரில் அஸ்ஸாமில் நடந்த முகாமில் வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி கொள்ளும் கிண்ணம் தரப்பட்டது. குழந்தைகள் பலர் நோயுற்றனர். மரணங்களின் காரணம் பற்றி விவாதம் எழுந்ததாயினும், மருந்துக்குரிய கரண்டியைத் தவிர வேறெதையும் தொடலாகாது என்பதில் விவாதம் இல்லை. தாராவியில் வீடு மாறும் குடும்பங்கள் மிகுதி. ஒரு மையத்தில் புகட்டிய குழந்தைக்கு மற்றொரு மையத்தில் அடுத்த வாரமே மீண்டும் புகட்டிவிடாமல் காப்பது தாயின் கையிலுள்ள அட்டையில் எழுதப்படும் தேதி ஒன்றே.

கர்ப்பிணிகளுக்கு இப்பெரிய அளவு கூடவே கூடாது. கருவின் உறுப்புகள் உருவாகும்போது ரெட்டினாயிக் அமிலம் இட வேண்டிய இடத்தில், இட வேண்டிய அளவில் மட்டுமே இருக்க வேண்டும். மிகுந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இவ்வினத்தைச் சேர்ந்தது. உயர்வகுப்பு மாணவியர்க்குக் கற்பிக்கும் ஆசிரியைகள், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கி உண்ணலாகாது என்பதைச் சொல்லிவைத்தல் நலம்.

கீரையில் இந்த அபாயம் இல்லை. மாட்டுங்கா அங்காடியில் கட்டுக்கட்டாக விற்கும் முருங்கைக்கீரையிலும், காரட், பப்பாளி, மாம்பழத்திலும் இருப்பது கரோட்டின். குடல் அதைத் தேவைக்கேற்பவே வைட்டமின் ஏயாக மாற்றுகிறது; எஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவே. கரோட்டின் எண்ணெயில்தான் கரையும். வகுப்பில் இதைக் காட்டுவது எளிது. துருவிய காரட்டை ஒரு பாத்திரத்தில் தண்ணீரிலும், மற்றொன்றில் சிறிது எண்ணெயிலும் இட்டு ஆசிரியரே மெல்லச் சூடேற்றி வடிகட்டினால், தண்ணீர் ஏறக்குறைய வெளிறியே இருக்கும், எண்ணெய் செம்மஞ்சளாகிவிடும். கீரையை வெறும் நீரில் வேகவைத்துக் கொடுக்கும் தாய்மாரிடம் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளிக்கச் சொல்வதற்கு இந்த இரண்டு பாத்திரங்களும் போதும்.