உள்ளே போனால் சிக்கினதா?

நம்பிக்கை: கூண்டுக்குள் புகுந்த லாப்ஸ்டர் வெளியே வர முடியாது.

உண்மை: அமெரிக்காவின் மெயின், நியூ ஹாம்ப்ஷயர் கரைகளில் போடும் கம்பிக் கூண்டுக்குப் பொதுவாக இரண்டு அறைகள். இரைப் பை தொங்கும் முதல் அறையை மீனவர்கள் ‘சமையலறை’ என்பார்கள். தின்றுவிட்டு வெளியேற வழி தேடும் லாப்ஸ்டர், குறுகிக்கொண்டே போகும் வலைவாயில் நுழைந்து அடுத்த அறையில் மாட்டும் என்பது ஏற்பாடு. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூண்டிலேயே கேமராவைப் பொருத்திக் கடலடிக்கு இறக்கினார்கள். இரவிலும் பார்க்கச் சிவப்பு விளக்கு. 2001இல் வெளியான முடிவு: நுழைந்தவற்றில் 94 சதவீதம் தப்பிவிட்டன. சிக்கியவை வெறும் 6 சதவீதம்.

தப்பிய விதம் இன்னும் வேடிக்கை. குட்டிகள் போகட்டும் என்று கூண்டில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். தப்பியவற்றில் அதன் வழியாகப் போனவை 28 சதவீதம்தான். மற்ற 72 சதவீதமும் வந்த வாசலிலேயே திரும்பிப் போயின. இதைப் பொறி என்பதைவிட அன்னசத்திரம் என்றால் தகும். சாப்பாடு வீணாவதுமில்லை: இரையாக வைக்கும் ஹெர்ரிங் மீன் லாப்ஸ்டர்களின் வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று மெயின் வளைகுடாவில் நடந்த ஆய்வொன்று 2010இல் காட்டியது.

நம்பிக்கை: கூண்டில் குறைவாக ஏறினால் கடலிலும் குறைவு.

உண்மை: அதே கேமராப் படங்களில் ஓயாத சண்டை. உள்ளே இருப்பது வாசலில் வருவதை மிரட்டுகிறது. வெளியே நிற்பவை தங்களுக்குள் மோதுகின்றன. பல லாப்ஸ்டர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்த பிறகே நுழைகின்றன. தண்ணீர் குளிர்ந்தால் நடமாட்டமே குறைந்துவிடும். ஆக, படகுக்கு வந்து சேர்வது, கூண்டைத் தூக்கிய நேரத்தில் உள்ளே அகப்பட்டிருந்தவை மட்டுமே. நண்டுக்கும் இதே கதை: லாப்ஸ்டரை முன்கூட்டியே விட்டு வைத்த கூண்டுகளில் நண்டு குறைவாகவே ஏறியது என்று 1980களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நண்டு அங்கேதான் இருந்தது. உள்ளே போகத் துணியவில்லை.

நம்பிக்கை: அப்படியென்றால் ஒன்று உள்ளே இருந்தால் வேறொன்று வராது.

உண்மை: எந்த இனம் என்று கேட்காமல் இதைச் சொல்லக் கூடாது. மேலே சொன்னது பெரிய கொடுக்குள்ள, தனியே வாழும் லாப்ஸ்டர். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, கூட்டமாக ஒண்டும் குணம். அதன் உறவினம் ஒன்றைப் பிடிக்கும் ஃபுளோரிடா மீனவர்கள், அளவு எட்டாத சிறிய இறால்களை உயிரோடு கூண்டில் வைக்கிறார்கள். அந்த வாடைக்கு மற்றவை வந்து சேரும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. ஒருவகை வைரஸ் தொற்றிய இறாலை, அது நோயைப் பரப்பும் நிலையை எட்டுமுன்பே ஆரோக்கியமானவை ஒதுக்கிவிடுகின்றன. இந்தச் செய்தி 2006இல் வெளிவந்தது.

நம்பிக்கை: கயிறு அறுந்து தொலைந்த கூண்டு, இரை தீர்ந்ததும் சும்மா கிடக்கும்.

உண்மை: கிடக்காது. பெரும்பாலானவை தப்பினாலும் சில மாட்டிச் சாகும்; செத்தது அடுத்ததற்கு இரையாகும். தூக்க ஆள் இல்லாததால் இது நிற்பதில்லை. அதனால்தான் மெயினில் ஒவ்வொரு கம்பிக் கூண்டிலும் தானாகத் திறந்துகொள்ளும் ஒரு பலகை வேண்டும் என்பது சட்டம். அதைப் பூச்சில்லாத இரும்பு வளையத்தால் மாட்டலாம். உப்புத் தண்ணீரில் வளையம் துருப்பிடித்து அறுந்ததும் பலகை விழுந்து வழி விடும்.