மாரியில் ஒரு காணி, கோடையில் ஒரு காணி: மண்டூர்ப் பகுதியின் மழையும் வெயிலும்

இந்தக் கையேட்டின் முந்திய பகுதிகளில் காணிப் பத்திரம், வீட்டுத் திட்டம், நிவாரண அட்டை ஆகியவற்றைப் பார்த்தோம். இந்தப் பகுதி மழையைப் பற்றியது. "எங்கட ஊர் மழை எங்களுக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் பல குடும்பங்கள் சில வருடங்களை வேறு ஊர்களில், முகாம்களில், உறவினர் வீடுகளில் கழித்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. பிள்ளைகள் சிலர் இந்த மண்ணின் ஒரு மாரியைக்கூட முழுமையாகக் கண்டதில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்ததை மாத வாரியாக, கணக்கோடு எழுதி வைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மே மாதத்தில் கண்ட காணி

2007ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் மே மாதமளவில் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. தற்காலிகக் கொட்டில்களுக்கு இடம் பார்க்கப் போன எங்களுக்கு, வாவியை நோக்கிச் சரிந்த ஒரு புல்வெளி மிகவும் பிடித்துப்போனது. மட்டமான நிலம், பற்றை இல்லை, வீதியும் பக்கத்தில். நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி வந்து சொன்னார்: "மகள், இஞ்ச கொட்டில் போடச் சொல்லாதீங்க. மாரி வந்தா இது ஆத்துட இடம்."

அவர் சொன்னதைக் கேட்டு மேட்டுப் பக்கம் சில கொட்டில்களை மாற்றினோம். எல்லாவற்றையும் மாற்றவில்லை. டிசம்பரில் மாறாத கொட்டில்களுக்குள் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. நாங்கள் மே மாதத்துக் காணியை அளந்திருந்தோம். அவருக்கு டிசம்பர் மாதத்துக் காணியும் தெரிந்திருந்தது. இப்பாடத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்: நம் பகுதியில் ஒரே காணி இரண்டு காணியாக இருக்கும். இரண்டையும் பார்த்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும்.

பன்னிரண்டு மாதங்களின் கணக்கு

கீழே உள்ளவை மட்டக்களப்பு நகரில் பதிவான நீண்டகாலச் சராசரியைத் தழுவிய எண்கள். நினைவில் வைக்க வசதியாகக் கிட்டத்தட்ட முழு எண்களாகத் தந்திருக்கிறோம். மண்டூரில் இவை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் மாதங்களின் ஒழுங்கு இதுவே. முதல் எண் மழை, மில்லிமீற்றரில். இரண்டாவது எண் பகலின் உச்ச வெப்பநிலை, பாகை செல்சியஸில்.

ஜனவரி: 220 மி.மீ., 28 பாகை
பெப்ரவரி: 125 மி.மீ., 29 பாகை
மார்ச்: 80 மி.மீ., 30 பாகை
ஏப்ரல்: 60 மி.மீ., 31 பாகை
மே: 40 மி.மீ., 33 பாகை
ஜூன்: 25 மி.மீ., 34 பாகை
ஜூலை: 40 மி.மீ., 33 பாகை
ஆகஸ்ட்: 50 மி.மீ., 33 பாகை
செப்டம்பர்: 65 மி.மீ., 32 பாகை
ஒக்டோபர்: 180 மி.மீ., 31 பாகை
நவம்பர்: 345 மி.மீ., 29 பாகை
டிசம்பர்: 415 மி.மீ., 28 பாகை

கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 1,650 மி.மீ. வருகிறது. இலண்டன் நகரில் வருடம் முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 மி.மீ. மட்டுமே. அப்படியிருந்தும் அங்கே புல் பச்சையாக இருக்கிறது, இங்கே ஜூன் மாதத்தில் கிணறு வற்றுகிறது. காரணம் அளவு அல்ல, பங்கீடு. நம்முடைய மழையில் பத்தில் ஏழு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதங்களின் மழையைச் சேர்த்தால் 220 மி.மீ. ஜனவரி என்ற ஒரு மாதத்தின் மழையும் அதேயளவுதான்.

வெப்பநிலையோ இப்படி ஏறி இறங்குவதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். ஆகக் குளிரான மாதத்துக்கும் ஆக வெப்பமான மாதத்துக்கும் இடையே பகல் உச்சத்தில் ஆறு பாகைதான் வித்தியாசம். இரவு வெப்பநிலை வருடம் முழுவதும் 23க்கும் 25க்கும் இடையில் நிற்கும். ஆகவே நம் பருவங்களைப் பிரிப்பது குளிரும் சூடும் அல்ல, காற்றும் மழையும்தான்.

ஏன் இப்படி? நடுவே ஒரு மலை

இலங்கைத் தீவின் நடுவே மத்திய மலைநாடு நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. இரத்தினபுரி, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்கள் நனைவது இதனால்தான். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் இல்லை. இறங்க இறங்க அது சூடாகிறது. அதுவே நாம் கச்சான் என்று சொல்லும் காற்று. (பிள்ளைகளே, இது நீங்கள் வறுத்துத் தின்னும் கச்சான் அல்ல.)

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். ஆனால் வெயில் உச்சமாவது ஜூன் மாதத்தில். மண் காய்ந்து, வானத்தில் மேகம் குறைந்து, கச்சான் வீசும்போதே வெப்பம் மிகுகிறது.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று திசை மாறுகிறது. வடகீழ் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு நேரே நம் கரையில் ஏறுகிறது. இப்போது நாம் நனையும் பக்கம், மேற்குப் பக்கம் ஓய்வெடுக்கும் பக்கம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் இடியோடு கூடிய மழையும் விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் வரும். மார்ச், ஏப்ரலிலும் பின்னேர இடிமழை உண்டு.

மலையுள்ள வேறு தீவுகளிலும் இதே விதிதான். ஹவாய்த் தீவில் காற்றை எதிர்கொள்ளும் ஹிலோ நகரம் மழையில் நனைகிறது, மலைக்கு மறைவிலுள்ள கோனாப் பக்கம் காய்கிறது. ஆனால் அங்கே வருடத்தின் பெரும்பகுதிக்கும் காற்று ஒரே திசையிலிருந்து வருகிறது. இங்கே பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. ஆகவே கொழும்பு வானொலியில் மே மாதத்தில் "பலத்த மழை" என்று கேட்டால், அது பெரும்பாலும் நமக்கான மழையல்ல.

மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்

மண்டூரில் வெள்ளத்தை அறிய மண்டூரின் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேற்கே உயர்ந்த பகுதிகளிலும் அம்பாறைப் பக்கத்திலும் பெய்யும் மழை ஆறுகளாலும் வாய்க்கால்களாலும் வாவிக்கே வருகிறது. நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீரும் இந்தப் பக்கமே இறங்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரங்கள் கோடையில் மணல் மேடிட்டு அடைபடும். முகத்துவாரம் திறக்கும் வரை வந்த நீர் வெளியேற வழியின்றித் தாழ்நிலத்தில் ஏறும். ஆகவே உங்கள் முற்றத்தில் மழை நின்று வெயில் எறித்த பிறகும் தண்ணீர் உயரலாம். "மழை விட்டுட்டு, இனிப் பயமில்லை" என்று பாய்களைக் காயப்போடுவதற்கு முன் குளத்தின் நிலையை விசாரியுங்கள்.

வெள்ளக் காலத்தில் தாழ்ந்த வீதிகள் மூழ்கும். காற்றும் நீரோட்டமும் கடுமையானால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான பாதைச் சேவையும் நிற்கலாம். அப்போது எழுவான்கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போவது கடினம். பிரசவ நாள் நெருங்கிய தாய்மாரையும் தொடர் மருந்து எடுப்போரையும் பற்றி நவம்பருக்கு முன்பே குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள்.

சராசரி ஒரு வாக்குறுதி அல்ல

டிசம்பருக்கு 415 மி.மீ. என்றால் ஒவ்வொரு டிசம்பரும் அவ்வளவு பெய்யும் என்று பொருளல்ல. 2011 ஜனவரியில் கிழக்கில் பெய்த மழை சராசரியைப் பலமடங்கு தாண்டியது. நாடளாவிய ரீதியில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. பெரும்போக வேளாண்மை அறுவடைக்கு முன்பே நீரில் அழிந்தது. அடுத்த மாதமே இன்னொரு வெள்ளம் வந்தது. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியை உங்கள் வீட்டு மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நாட்களைப் பாருங்கள்: நவம்பர், ஜனவரி, பெப்ரவரி. ஆபத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாவிட்டாலும், எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பது அட்டவணையிலேயே தெரிகிறது.

எந்த மாதத்தில் என்ன செய்வது?

பெப்ரவரி, மார்ச்: வெள்ளம் வடிந்த அடையாளம் சுவரிலும் மரத்திலும் இருக்கும்போதே மையால் ஒரு கோடு போடுங்கள். வீட்டின் தளம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

மே முதல் ஆகஸ்ட் வரை: அத்திவாரம், சுவர் வேலைக்கு ஏற்ற காலம். ஆனால் கச்சான் காற்றில் சீமெந்து வேகமாகக் காய்ந்து வெடிக்கும். நனைத்த சாக்கால் மூடி, தினமும் தண்ணீர் தெளியுங்கள். சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. நீர் எவ்வளவு விடப்படும் என்பதைக் கமநலக் கூட்டத்தில் அறிந்த பின் விதைநெல் வாங்குங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: கிணறு வெட்டவும் ஆழமாக்கவும் இதுவே நேரம். இப்போது தண்ணீர் கிடைக்கும் கிணறு வருடம் முழுவதும் கைகொடுக்கும். மலசலகூடக் குழியை மேட்டில், கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி அமையுங்கள். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் ஆவணித் திருவிழா முடிந்ததும் கூரை, பீலி, வடிகான் வேலைகளைத் தொடங்குவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒக்டோபர்: பெரும்போக விதைப்பு. அடையாள அட்டை, காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை: வானொலி அறிவித்தலைக் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் 100 மி.மீ.க்கு மேற்பட்ட மழை என்று எச்சரித்தால், தாழ்நிலத்தில் உள்ளவர்கள் இருட்டுவதற்கு முன் நகருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. வெள்ளம் வடிந்த பின் கிணற்றுக்குக் குளோரின் இடும்வரை நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்குரிய தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வெள்ளம் மிதிவெடிகளையும் வெடிபொருட்களையும் இடம் மாற்றக்கூடும். முன்பு பாதுகாப்பானது என்று தெரிந்த இடத்திலும் புதிதாக எதைக் கண்டாலும் தொடாமல் அறிவியுங்கள்.

கூரையில் விழும் தண்ணீர்

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். உங்கள் தகரக் கூரை 20 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அதில் விழுவது 8,300 லீற்றர். ஜூனில் 500 லீற்றர் மட்டுமே. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், மாரியில் நிரப்பிய 5,000 லீற்றர் தொட்டி 200 நாட்களுக்குப் போதும். பெப்ரவரி முதல் நாள் எடுக்கத் தொடங்கினால் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வரும். வாவியோரக் கிணறுகள் உவர்க்கும் மாதங்களும் அவைதான். முதல் மழை கூரையின் அழுக்கைக் கழுவும், அதைச் சேர்க்க வேண்டாம். தொட்டியை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள்.

பயிற்சி

1. பக்கம் நேராக உள்ள ஒரு பால்மாப் பேணியை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதி, பேணியை வெறுமையாக்குங்கள். மாத முடிவில் கூட்டி, மேலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இதைப் பாடசாலைப் பிள்ளையின் பொறுப்பில் விடலாம்.

2. ஈர்க்குகளை 20 மி.மீ.க்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற அளவில் நறுக்கி, பன்னிரண்டு மாதங்களையும் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். ஜூனுக்கு ஒரு சென்ரிமீற்றர் சற்று அதிகம், டிசம்பருக்கு இருபதுக்கும் மேல். வீட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள்.

3. உங்கள் அயலில் உள்ள ஆக மூத்த ஒருவரை உங்கள் காணிக்கு அழைத்து வாருங்கள். "2011இல் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் ஒரு கட்டை அடியுங்கள். வீட்டுத் திட்டத்துக்கு அளக்க வரும் உத்தியோகத்தரிடம் முதலில் அந்தக் கட்டையைக் காட்டுங்கள். அவர் கோடையில் வந்தாலும் மாரிக் காணியையும் சேர்த்து அளக்கட்டும்.