கடலுக்கடியில் ரோபோ, கப்பலில் நீங்கள்

2022 டிசம்பரில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்ஐஓடி) ‘ஓஎம்இ 6000’ மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 5,271 மீட்டர் ஆழத்தில் இறங்கி, மாங்கனீசு உருண்டைகள் கிடக்கும் தரையை அளந்துவிட்டு மேலே வந்தது. உள்ளே ஆள் இல்லை, மேலிருந்து இழுக்கும் கேபிளும் இல்லை. ஏயூவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தானியங்கி நீர்மூழ்கி அது. ஆனால் அதைச் சுமந்துபோன ‘சாகர் நிதி’ கப்பலில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவராக ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

தானாக ஓடும் இயந்திரத்துக்கு ஆள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ரேடியோ அலை கடல்நீரில் சில மீட்டருக்குள் செத்துவிடும். ஜிபிஎஸ் கிடையாது. மிஞ்சுவது ஒலி மட்டும். அது நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. 6,000 மீட்டர் ஆழத்தில் இருப்பதை ஒரு கேள்வி கேட்டால் பதில் வர எட்டு நொடி ஆகும். அந்த ஒலிவழியில் படம் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. இருக்கும் இடம், பேட்டரி நிலவரம், ‘மேலே வா’ என்ற கட்டளை, இவ்வளவுதான் போய்வரும். ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் தண்ணீரில் இறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அது கொண்டுவந்ததை ஏறிய பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளம் இந்த முன்னுக்கும் பின்னுக்கும்தான்.

கப்பலிலேயே சோனார் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு? கப்பலின் அடியிலிருந்து ஒரு பாகை அகலத்தில் புறப்படும் ஒலிக்கதிர் 5,000 மீட்டர் கீழே தரையைத் தொடும்போது ஏறத்தாழ 90 மீட்டருக்கு விரிந்துவிடும். மலை தெரியும், பாறை தெரியாது. தரைக்கு 50 மீட்டர் மேலே பறக்கும் ஏயூவிக்கு அதே கதிர் ஒரு மீட்டருக்குள் அடங்கும். உலகக் கடல்தரையை முழுக்க அளக்கும் ‘சீபெட் 2030’ திட்டம் 2017இல் தொடங்கியபோது நவீன முறையில் அளந்திருந்தது 6 சதவீதம். இப்போதுதான் கால் பங்கைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பரந்த வேலையைப் பெரும்பாலும் கப்பல்கள் செய்யும். தாது, குழாய்ப்பாதை, மூழ்கிய விமானம் என்று நுணுக்கம் கேட்கிற இடத்துக்குத்தான் ஏயூவியைக் கூப்பிடுவார்கள்.

திரும்பி வர வேண்டும், அதுதான் முதல் வேலை

நேர்காணலில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அரைமணி நேரம் பேசத் தயாராகிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2014 ஏப்ரலில், காணாமல்போன எம்எச் 370 விமானத்தைத் தேட ‘ப்ளூஃபின் 21’ ஏயூவி இறக்கப்பட்டது. அதற்கு வகுத்த எல்லை 4,500 மீட்டர். முதல் பயணத்திலேயே தரை அதற்கும் கீழே போனது. உடனே பணியை நிறுத்திவிட்டு மேலே வந்துவிட்டது. முதல் முயற்சியே பாதியில் நின்றது என்று செய்தி ஓடியது. துறைக்குள் இருப்பவர்கள் அதைத் தோல்வியாகப் பார்க்க மாட்டார்கள். எல்லை மீறினால் ஏறி வா என்று யாரோ எழுதிவைத்ததை இயந்திரம் அப்படியே செய்தது. அந்த ‘யாரோ’ ஒரு பதவி.

எல்லா ஏயூவியும் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவின் ‘ஏபிஇ’ 2010இல் சிலி கடலில் காணாமல் போனது. பிரிட்டனின் ‘ஆட்டோசப் 2’ 2005இல் அண்டார்டிகாவின் ஃபிம்புல் பனித்திட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அதனால் இந்தத் தொழிலில் பாதி, பயத்தை ஒழுங்கான பட்டியலாக மாற்றுவது. பேட்டரி குறைந்தால் என்ன, தரை திடீரென உயர்ந்தால் என்ன, சென்சார் பொய் சொன்னால் என்ன? எல்லாம் செத்தாலும் எடைக்கட்டியைக் கழற்றிவிட்டு மிதந்து ஏறும்படி, நீரைவிடக் கொஞ்சம் இலேசாகவே அதைச் சமன் செய்திருப்பார்கள். புதிய கேமரா ஒன்றைப் பொருத்தினாலே இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். கடலின் உப்பளவு மாறினாலும் அதேதான்.

அப்புறம் ஓ-ரிங். இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே உட்காரும் ரப்பர் வளையம். 6,000 மீட்டரில் அதைச் சுற்றி 600 வளிமண்டல அழுத்தம் இருக்கும். வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் நீர் கசிய வழி கிடைத்துவிடும். துடைத்து, விளக்கடியில் பார்த்து, கிரீஸ் தடவிப் பொருத்துகிற கை நிதானமானதாக இருக்க வேண்டும். டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்கள் ‘இது ஐஐடிக்காரர்கள் துறை’ என்று ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டெக்கில் மதிப்பு அந்தக் கைக்குத்தான்.

எந்த வாசல்

மெக்கானிக்கல், நேவல் ஆர்க்கிடெக்சர் படித்தவர்களுக்கு அழுத்தக்கூடு, மிதவைப் பொருள், உந்துவிசை. எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு சோனார், கனெக்டர், மின்கசிவு. மென்பொருள் ஆட்களுக்கு சி++, பைதான், ரோபோ மென்பொருள் தளமான ராஸ். இவை எல்லாருக்கும் தெரிந்த வாசல்கள், கூட்டமும் அங்கேதான்.

என் சிபாரிசு தரவுப் பக்கம். வயலில் ஏர் ஓட்டுவதுபோல் ஏயூவி போய்த் திரும்பி, போய்த் திரும்பி அளக்கும். அடுத்தடுத்த கோடுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஆனால் கீழே ஜிபிஎஸ் இல்லாததால், தன் அசைவைத் தானே கூட்டிக் கூட்டித்தான் அது தன் இடத்தைக் கணிக்கிறது. நேரம் ஆக ஆகப் பிசகு ஏறும். தரையை நோக்கி ஒலி அனுப்பி வேகத்தை அளக்கும் டிவிஎல் அந்தப் பிசகைக் குறைக்கும், ஒழிக்காது. கப்பலிலிருந்து கிடைத்த ஒலிநிலைப் பதிவுகளைச் சேர்த்துக் கோடுகளை நகர்த்துவது, நீரில் ஒலியின் வேகம் ஆழத்துக்கு ஆழம் மாறுவதைத் திருத்துவது, மீன் கூட்டத்தைத் தரை என்று நம்பிய புள்ளிகளைக் களைவது என்று ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. சலிப்பான வேலைதான். ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுப்பது வரைபடத்துக்கு. அதில் தப்பு வந்தால் வாகனம் எவ்வளவு அழகாக ஓடியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

புள்ளியியல் படித்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை முதலிரண்டு ஆண்டுகள் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய தேடல்களையெல்லாம் எடைபோட்டு, எங்கே இருக்க அதிக வாய்ப்பு என்று நிகழ்தகவு வரைபடம் போட்டார்கள். 2011இல் ‘ரீமஸ் 6000’ வாகனங்கள் அதை வைத்துத் தேடின. ஒரு வாரத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில், சிதைவுகள் கிடைத்துவிட்டன. நாலு பக்கமும் ஓட்டிப் பார்ப்பதைவிட எங்கே ஓட்டக் கூடாது என்று சொல்பவருக்கு மதிப்பு அதிகம்.

நிலவியல், கடல் உயிரியல் மாணவர்கள் வாகனத்தைத் தொடாமலேயே உள்ளே வரலாம். 2024 டிசம்பரில் என்ஐஓடியும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் கக்கும் ஊற்று ஒன்றை ஏயூவியால் படமெடுத்தன. அந்தப் படத்தில் எது தாது, எது உயிரி என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையமும், தொண்டியில் அழகப்பா பல்கலையின் கடலியல் துறையும் இருக்கின்றன. பொறியியல் பக்கம் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை, கொச்சியின் குசாட் பல்கலை.

சர்வே வேலையில் நிலைக்க நினைத்தால் சர்வதேச நீர்நிலை வரைவியல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ‘கேட்டகரி ஏ’ அல்லது ‘பி’ சான்றிதழ் பெரிய பலம். இந்தியாவில் கடற்படையின் கோவா நிறுவனம் அந்தப் படிப்பை நடத்துகிறது.

வேலை கிடைக்கும் முன்பே செய்யக்கூடியது

வாகனம் வாங்கக் காசு வேண்டும், தரவுக்கு வேண்டாம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான என்ஓஏஏ தன்னிடம் உள்ள மல்டிபீம் சோனார் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. ‘எம்பி-சிஸ்டம்’ என்ற மென்பொருளும் இலவசம். ஒரு சின்னப் பகுதியை இறக்கி, புள்ளிகளைத் துப்புரவு செய்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடமாக்குங்கள். எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி இணையுங்கள். பத்து ஆன்லைன் சான்றிதழைவிட அது நன்றாகப் பேசும்.

கல்லூரியில் இருப்பவர்கள் குழு சேர்ந்து ஏதாவது ஒரு போட்டிக்குப் போங்கள். என்ஐஓடி மாணவர்களுக்காக ‘சேவ்’ போட்டியை நடத்தியிருக்கிறது. சிங்கப்பூரில் நீச்சல்குளத்திலேயே நடக்கும் எஸ்ஏயூவிசி இருக்கிறது. பெரியதாகப் போக வேண்டுமென்றால் அமெரிக்காவின் ரோபோசப். கோப்பை வராவிட்டால் பரவாயில்லை. முந்தைய நாள் இரவு நீர் புகுந்து போர்டு கருகியதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைத்தான் நேர்காணலில் கேட்பார்கள்.

முதல் வேலையே ஏயூவியில் கிடைக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கேபிளோடு ஓடும் ஆர்ஓவி வாகனங்கள் துறைமுகத் தூண், அணை, பாலம் பார்க்க ஓடிக்கொண்டே இருக்கின்றன. சென்னை ஐஐடியில் முளைத்த பிளானிஸ், கொச்சியின் ஐராவ் போன்ற நிறுவனங்களின் வேலை அந்த வகை. கனெக்டரும் கசிவும் இரண்டுக்கும் ஒன்றே. என்ஐஓடியிலும் திட்டக் காலத்துக்கு ஒப்பந்தப் பணியாளர்களை எடுப்பார்கள். அறிவிப்பு அவர்கள் தளத்தில் வரும். 2021இல் 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்துக்கு அங்கே நிறைய வேலை.

கடலோர ஊரில் வளர்ந்து, படகில் போய்ப் பழகியவராக இருந்தால் அதை ரெஸ்யூமில் மறைக்காதீர்கள். அலையடிக்கும்போது, ஆடுகிற கப்பலின் ஓரத்தில், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள சாதனத்தைக் கொக்கி போட்டு ஏற்றுவதுதான் முழுப் பயணத்திலும் ஆபத்தான நேரம். அலை எப்போது தணியும் என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை எந்தக் குழுவும் விடாது.

கப்பல் வாழ்க்கை, கையெழுத்து

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வழக்கம். உங்களுக்கு வாய்ப்பது நள்ளிரவிலிருந்து நண்பகல்வரை என்றால், தூக்கம் பழக ஒரு வாரமாகும். வாந்தி பலருக்கும் வரும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறும் முன்பே போட ஆரம்பியுங்கள். கப்பல் பணியாளர்களுக்கான எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். எண்ணெய் வயல் பக்கம் போனால் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து நீருக்கடியில் வெளியேறும் பயிற்சியும் கேட்பார்கள். நீச்சல் தெரியாதென்றால் இன்றே குளத்தைத் தேடுங்கள். குடும்பத்தைவிட்டு வாரக்கணக்கில் இருக்க முடியாதவர்களுக்கு மாற்று மெல்ல உருவாகிறது. ஓஷன் இன்ஃபினிட்டி போன்ற நிறுவனங்கள் சவுத்தாம்ப்டன் கரையில் உட்கார்ந்தே கப்பல் வேலையைக் கவனிக்கும் மையங்களை வைத்திருக்கின்றன.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளத் தொகைக்கு முன் இவற்றைப் படியுங்கள். நாள்கணக்குச் சம்பளம் என்றால், வானிலையால் துறைமுகத்தில் முடங்கிய நாளுக்கும் உண்டா? கரையில் இருக்கும் ஓய்வு நாளுக்கு? சான்றிதழ், மருத்துவச் சோதனைச் செலவு யார் தலையில்? காப்பீடு கப்பலில் மட்டுமா, கப்பலுக்குப் போகும் வழியிலுமா? பெண்களுக்குத் தனி அறை உண்டா என்பதை வாய்மொழியாக அல்ல, மின்னஞ்சலில் கேளுங்கள். வாகனம் தொலைந்தால் பொறுப்பு யாருக்கு என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உங்கள் பெயரில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.