குறுகும் பகலில் கோழியும் ஆடும்: லா சப்பல் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கான குளிர்கால ஆலோசனை

காலம்: நவம்பர் முதல் பெப்ரவரி வரை

பாரிசில் ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்தைத் தாண்டும் பகற்பொழுது டிசம்பர் பிற்பகுதியில் ஏறத்தாழ 8 மணி 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுவது என்பதால், ஊரில் கோழியும் ஆடும் வளர்த்துப் பழகிய கைகளுக்குப் பகலின் நீளம் ஒரு கணக்காகவே தெரிவதில்லை. இங்கு முதற்கணக்கு அதுதான்: சுருங்கும் பகல் கோழியின் முட்டையை நிறுத்துகிறது, அதே பகல் ஆட்டின் சினைப்பருவத்தைத் தூண்டுகிறது.

1860இல் பாரிசோடு இணைக்கப்படும்வரை தனிக் கிராமமாக இருந்த லா சப்பலில் இன்று அடுக்ககங்களே நிறைந்திருப்பதால், அங்கு ஆடு வளர்ப்பதற்கு வழியில்லை. உள்முற்றத்திலோ கூட்டுத் தோட்டத்திலோ கட்டட உரிமையாளர் அல்லது தோட்டச் சங்கத்தின் ஒப்புதலோடு இரண்டு மூன்று கோழிகள் வளர்ப்பதே உச்ச அளவு. தோட்டத்தோடு கூடிய தனிவீடுகளில், லா கூர்நெவ், சார்செல், வில்லியே-லெ-பெல் போன்ற புறநகர்களில் குடியிருப்போருக்கே ஆட்டைப் பற்றிய பகுதி பொருந்தும்.

1. முதலில் பதிவு

விற்பனைக்காக அன்றி வீட்டுக்காக ஒரேயொரு கோழி வளர்த்தாலும் அதை மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், அறிவிப்பது கட்டாயமாகும். பறவைக் காய்ச்சல் ஓரிடத்தில் தோன்றினால் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த வீடுகளில் பறவைகள் உள்ளன என்பதை அதிகாரிகள் உடனே அறிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு. ஆட்டுக்கு விதி இன்னும் இறுக்கமானது. ஒரே ஆடு வைத்திருப்பவரும் வளர்ப்பிட எண் பெற்றிருக்க வேண்டும். ஆட்டின் இரு காதுகளிலும் அடையாளப் பட்டைகள் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டும். காதுப்பட்டையும் இடமாற்றப் பத்திரமும் இல்லாத ஆட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

வீட்டு விசேடத்துக்கோ நேர்த்திக்கடனுக்கோ பண்ணையில் ஆடு வாங்கிவந்து தோட்டத்தில் அறுக்கும் எண்ணம் இருப்பின் அதையும் இப்போதே கைவிட வேண்டும். அனுமதி பெற்ற இறைச்சிக்கூடத்துக்கு வெளியே அவ்வாறு அறுப்பது 6 மாதச் சிறைக்கும் 15,000 யூரோ அபராதத்துக்கும் உரிய குற்றமாகும்.

2. பறவைக் காய்ச்சல்: கூட்டை மூடும் காலம்

வடக்கிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகள் இலையுதிர் காலத்தில் பிரான்சைக் கடக்கும்போது அவற்றின் எச்சத்தின் வழியாகக் காய்ச்சல் வீட்டுக் கோழிகளுக்குத் தொற்றுகிறது. அரசு இந்த இடரைப் புறக்கணிக்கத்தக்கது, மிதமானது, உயர்வானது என மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. 2023இல் டிசம்பரிலும், 2024இல் நவம்பரிலும், 2025இல் அக்டோபரிலும் நாடு முழுவதும் உயர்நிலை அறிவிக்கப்பட்டது. உயர்நிலையில் வீட்டுக் கோழிகளையும் கூட்டுக்குள் அடைக்கவோ வலையால் மூடவோ வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு ஆண்டுக்கு ஆண்டு முன்கூட்டியே வந்திருப்பதால், அதற்காகக் காத்திராமல் வலையை இப்போதே கட்டிவிடுவது நல்லது.

தீனியும் தண்ணீரும் காட்டுப்பறவை எட்டாதபடி கூரைக்கடியில் வைக்கப்பட வேண்டும். கூட்டுக்குள் போவதற்கென ஒரு சோடிக் காலணியைத் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால் உடலை வெறுங்கையால் தொடாமல், குப்பையில் எறியாமல், கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. முட்டை: வளர்க்கலாம், உண்ணலாகாது

இந்த ஆலோசனையின் மிக முதன்மையான பகுதி இது. பாரிசும் அதைச் சூழ்ந்த நகர்ப்பரப்பும் அடங்கிய 410 நகராட்சிகளில், வீட்டுக் கூடுகளில் கிடைக்கும் முட்டைகளையும் அங்கு வளரும் கோழிகளின் இறைச்சியையும் உண்ண வேண்டாம் என 2023 நவம்பரில் ஈல்-து-பிரான்ஸ் பிராந்திய சுகாதார முகமை அறிவுறுத்தியது. இவ்ரி, சாந்-துவான், இசி ஆகிய மூன்று குப்பை எரிப்பு ஆலைகளைச் சுற்றியே முதலில் ஐயம் எழுந்தது. ஆய்வு விரிந்தபோது ஆலைகளிலிருந்து தொலைவில் உள்ள கூடுகளிலும் மாசு காணப்பட்டது.

காரணம் கோழியின் இயல்பிலேயே இருக்கிறது. டையாக்சின் என்பது குப்பையோ விறகோ எரியும்போது உண்டாகும் நச்சு வேதிப்பொருள். அது காற்றிலிருந்து மண்ணில் படிந்து பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கிறது. கோழி மண்ணைக் கிளறிப் புழுவையும் பொடிக்கல்லையும் கொத்தும்போது மண்ணும் வயிற்றுக்குள் போகிறது. கொழுப்பில் கரையும் அந்த நஞ்சு மஞ்சட்கருவில் போய்ச் சேர்கிறது. அவித்தாலும் பொரித்தாலும் அது நீங்குவதில்லை. ஆகவே, கடை முட்டையைவிட வீட்டு முட்டை நல்லது என்ற ஊர் நம்பிக்கை இந்த மண்ணில் செல்லுபடியாகாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆசையாகக் கொடுத்தனுப்பும் வழக்கமும் நிறுத்தப்பட வேண்டும். விறகு அடுப்புச் சாம்பலைக் கோழியின் புழுதிக்குளியலுக்குப் போடுவதையும், சருகைத் தோட்டத்தில் எரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

முட்டை உணவுக்கு இல்லை என்றான பின்னர், குளிர்காலத்தில் கூட்டுக்குள் விளக்கேற்றிப் பகலை 14 மணி நேரமாக நீட்டி முட்டையிட வைக்கும் முயற்சிக்கும் பொருளில்லை. இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் இந்த ஓய்வுக்காலத்தில் கோழிக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் புரதம் மிகுந்த தீனியும் உறையாத தண்ணீரும் போதும். கூட்டுக்குச் சூடேற்ற வேண்டியதில்லை. கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. எனவே மேற்பகுதியில் காற்றோட்டத்தை அடைக்காமல், தரையில் உலர்ந்த வைக்கோலை அடிக்கடி மாற்ற வேண்டும். இரவில் ஒரு கைவிளக்கோடு சென்று, கோழிகள் அடையும் கட்டையின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் செந்நிறக் கீறல்கள் தெரிந்தால் இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள் குடியேறிவிட்டது என்று பொருள்.

உப்பும் உறைப்பும் கூடிய கறி மிச்சம், பூஞ்சணம் பிடித்த பாண், அவகாடோத் தோல் ஆகியவற்றைக் கோழிக்குப் போடலாகாது. இரவில் சிந்திக்கிடக்கும் தீனி எலியை அழைக்கும் என்பதால், மாலையில் தீனித் தட்டை எடுத்து மூடியுள்ள தகரப் பேணியில் அடைத்துவிட வேண்டும். சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடும் என்பதால், அயலவரோடு வழக்குக்கு வழிவைக்கும் சேவலை நகர்ப்புறத்தில் வளர்க்காதிருப்பதே முறை.

4. பால் ஆடு: இணைசேர்க்கும் காலம்

பகல் குறையும்போது செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை மறியாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது வாலை ஓயாமல் ஆட்டும், காரணமின்றிக் கத்தும், தீனியைக் குறைக்கும். இந்த நிலை ஓரிரு நாளே நீடிப்பதால், பதிவுபெற்ற பண்ணையின் கிடாயை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சினைக்காலம் 150 நாள் என்பதால் நவம்பர் தொடக்கத்தில் இணைசேர்ந்த ஆடு ஏப்ரல் தொடக்கத்தில், புல் தளிர்க்கும்போது, குட்டி ஈனும். பால் கறந்துகொண்டிருக்கும் ஆட்டைக் குட்டி ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே, அதாவது பெப்ரவரித் தொடக்கத்தில், கறவையை நிறுத்தி வற்ற விட வேண்டும்.

ஊரில் பூவரசு, கிளுவை, முருங்கைக் குழை ஒடித்துப் போட்ட பழக்கத்தில் இங்குள்ள வேலிக் குழையை ஒடித்துப் போடுவது ஆபத்தானது. புறநகர் வேலிகளில் மிகுதியாக நிற்கும் ‘இஃப்’ எனும் ஊசியிலைச் செடியின் குழை ஆட்டைக் கொல்ல வல்லது. ‘லோரியே-செரீஸ்’ எனும் பளபளப்பான அகன்ற இலை வேலியிலும், ஊரில் அறிந்த அலரியிலும் நஞ்சு உண்டு. குளிர்காலத்தில் நல்ல உலர்புல்லே ஆட்டின் அடிப்படை உணவாகும். மீந்த சோற்றை மொத்தமாக வைப்பதும் கூடாது. மாச்சத்து திடீரென மிகுந்தால் இரைப்பை புளித்து ஆடு ஓரிரு நாளில் சாகக்கூடும்.

ஆடு தனித்து வாழாது என்பதால் இரண்டாவது வளர்க்க வேண்டும். மழை படாத கொட்டிலும் ஈரமற்ற படுக்கையும் வேண்டும். ஈரத்தில் குளம்பு அழுகும் என்பதால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை அதைச் சீவ வேண்டும். கீழிமையை மெல்ல இழுத்துப் பார்க்கையில் உட்புறம் சிவப்பாக இருப்பது நலம். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தம் குடிக்கிறது எனக் கொண்டு, சாணப் பரிசோதனைக்குப் பின்னரே மருந்து கொடுக்க வேண்டும்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் தமிழர் வழக்கத்தைப் பச்சைப்பால் பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற இந்த நாட்டிலும் கைவிடலாகாது. மால்டாக் காய்ச்சல் எனப்படும் புரூசெல்லா நோய் காய்ச்சாத பாலின் வழியே மனிதருக்குத் தொற்றும். கர்ப்பிணிகள் ஆடு குட்டி ஈனும் இடத்துக்குச் செல்லலாகாது. நஞ்சுக்கொடியிலிருந்து பரவும் கியூ காய்ச்சல் கருவைக் கலைக்க வல்லது.

5. புதிதாகத் தொடங்க எண்ணுவோருக்கு

குளிர்காலம் வாங்குவதற்கு உரிய காலம் அன்று. வென்சென் காட்டில் நகராட்சி நடத்தும் பாரிஸ் பண்ணைக்கும், லா சப்பலுக்கு அருகே கிளின்யாங்கூர் வாயிலில் பழைய ரயில் நிலையத்தில் இயங்கும் லா ரெசிக்லரியின் கோழிக்கூட்டுக்கும் பிள்ளைகளோடு சென்று, அங்கு அன்றாட வேலை எவ்வளவு என்பதை நேரில் கண்டறியலாம். அதன் பின்னும் விருப்பம் நிலைத்தால் பதிவை இப்போது முடித்து, கூட்டை ஜனவரியில் கட்டி, உயிர்களை வசந்தத்தில் கொண்டுவருவதே முறையாகும். முட்டையை மிச்சம்பிடிக்கும் நோக்கம் ஒன்றே இருப்பின், பாரிஸ் நகர்ப்பரப்பில் கோழி வளர்க்க வேண்டியதில்லை.