கொடுமுடி கோகிலத்தின் இளமைக்கால நிழற்படம்

சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியருளிய திருப்பாண்டிக்கொடுமுடி, கொங்கு நாட்டிலே காவிரிக் கரையில் அமைந்த சிற்றூராகும். அவ்வூரில் 1908ஆம் ஆண்டு வறிய குடும்பத்திற் பிறந்தவரே இசையரசி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். நெற்றி நிறைந்த வெண்ணீறும் வெள்ளாடையுமாக, 1953இல் வெளிவந்த 'ஒளவையார்' திரைப்படத்திற் கண்ட கோலமே அடியார் பலரின் நெஞ்சில் நிலைத்துள்ளது. அம்மையாரின் நாடகமேடைக் காலத்து நிழற்படங்களை முதன்முறை பார்ப்போர், இவர் வேறொருவரோ என்று மயங்குவர். நகையும் பொட்டும் அணிந்த இளம்பெண் அங்கே நிற்கிறார்.

இத்தகைய பழைய ஸ்ரூடியோப் படங்களைப் பார்ப்பதற்கும் சிறிது பயிற்சி வேண்டும். அக்காலத்திற் பெரிதும் வழங்கிய படத்தகடுகள் சிவப்பு நிறத்தை உணரமாட்டா. ஆகவே செங்குங்குமப் பொட்டு கரும்பொட்டாகவே விழும். முகமும் உள்ளதைவிடக் கறுத்துத் தோன்றும். படத்தை வைத்து ஒருவரின் நிறத்தைத் தீர்மானிப்பது தவறு. வெளிச்சம் போதாதவிடத்து அசையாது நிற்க வேண்டியிருந்தமையால், சிரிப்பையும் அடக்கிக்கொண்டார்கள். அந்த இறுக்கம் துயரமன்று. முகத்திலுள்ள வடுக்களை ஸ்ரூடியோக்காரரே பென்சிலாற் சரிசெய்து விடுவதும் உண்டு.

ஆனால் சுந்தராம்பாள் விடயத்தில், அந்தக் கரும்பொட்டுக்குப் பின்னால் ஒரு வாழ்வே இருக்கிறது. 1926இல் நமது கொழும்பு நகர மேடையிலேதான் அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். மறு ஆண்டு திருமணம் நிகழ்ந்தது. நாடகத்தில் நடிக்கும் பெண்ணை ஊரார் மதிப்பாகப் பேசாத காலம் அது. 1933 டிசம்பரிற் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அணிகலன்களைக் களைந்து வெள்ளாடை தரித்தார். எந்த ஆடவருக்கும் சோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதிபூண்டார்.

அவ்வுறுதி அவருடைய கலையை முடக்கவில்லை. 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண்வேடம் பூண்டார். அதற்கு ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றமை அந்நாளில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. பின்னர் சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகிய படங்களில் மீண்டும் ஒளவையாக வந்தார். முதன்முதல் அந்த மூதாட்டி வேடம் புனைந்தபோது அவருக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை.