மறுவும் மனமும்

துணியை முழக்கோலாலும் தானியத்தைப் படியாலும் அளக்கின்றோம். முகத்திலேனும் கையிலேனும் பிறவி மறுவுடைய இளைஞர் அதுபற்றிக் கொள்ளும் உணர்ச்சியை எக்கோலால் அளப்பது? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாராகிய ரென்சிஸ் லைக்கர்ட், ஒரு கூற்றுக்கு முற்றும் உடன்படுதல் முதல் முற்றும் மறுத்தல் வரையுள்ள விடைகளுக்கு எண்ணிட்டுக் கூட்டும் முறையை வெளியிட்டார். தோல்நோய் வாழ்க்கையை எவ்வளவு தாக்குகின்றதென்று அறிதற்கு 1994-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் பின்லே, கான் என்பார் 10 வினாக்கள் வகுத்தனர். அடுத்த ஆண்டிலே 4 முதல் 16 வயது வரையுள்ள சிறார்க்கெனத் தனியே 10 வினாக்கள் அமைந்தன. விடை ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30.

இக்கருவியை நம் இராயபுரத்து மாணாக்கர் இருவரிடம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குச் சொறி, அரிப்பு, உறக்கமின்மை, மருந்திடுந் தொல்லை என்னும் மூன்றிற்கும் மும்மூன்று பெறுகின்றான். மற்றவனுக்குக் கன்னத்திற் செந்நிற மறு, அரிப்புமில்லை, மருந்துமில்லை, கூச்சம், நட்பிற் குறை, பிறர் ஏளனம் என்பவற்றிற்கு மும்மூன்று பெறுகின்றான். இருவர்க்கும் தொகை 9 ஆயினும், துன்பம் ஒன்றன்று. முன்னவன் துன்பம் களிம்பினால் தீரும், பின்னவனது தீராது. ஆகவே தொகையை மட்டும் நோக்காது வினாதோறும் விடையை நோக்குதல் வேண்டும். மேலும் அவ்வினாக்கள் கடந்த ஒரு வாரத்தையே கேட்பன. மறுவோ பிறந்தநாள் தொட்டு உடனிருப்பது.

மொழிபெயர்ப்பிலும் இடர் உண்டு. தமிழில் 'மறு' என்னுஞ் சொல் அடையாளத்தையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். 'மச்சம்' என்றாலோ அதிர்ஷ்ட நினைவு வரும். வினாவிலுள்ள சொல்லே விடையைச் சாய்த்துவிடலாம். ஆதலின், 'உன் தோலிலுள்ள இவ்வடையாளம்' என்று கேட்பதே நடுநிலையாம்.

நம் நாட்டிற்கென ஒரு வினாவும் சேர்த்தல் தகும். கிரகணத்தின்போது வெளியே வந்தாள் என்று தாயைப் பழிப்பார் உளர். போர்ட் ஒயின் எனப்படும் செந்நிற மறு, கருவில் ஓர் உயிரணுவின் மரபணு மாறுதலால் உண்டாவதென 2013-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். தாயின்மேற் பிழையில்லை. ஆயினும் அப்பழியைக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் மனச்சுமையை அயல்நாட்டு வினாத்தாள் அறியாது.

இனி, வினவும் இடமும் கருதற்பாலது. மாற்றுச் சான்றிதழுக்காக அங்க அடையாளங்களை வகுப்பின் நடுவே உரக்கக் கேட்பதுபோல் இதனைக் கேட்டால், அளக்க வந்த துன்பத்தை நாமே பெருக்கினவராவோம். தனியிடத்தில், மாணாக்கரும் பெற்றோரும் இசைந்த பின்னரே கேட்க. விடைகூற மறுக்கும் உரிமையையும் முன்னரே அறிவிக்க. மறுவின் பரப்பைக்கொண்டு வருத்தத்தை மதிப்பிடாதொழிக. விரலளவு மறுவுடையாரும் பெரிதும் நைதல் கூடும். மிகுந்த எண் பெற்றாரைக் குறிப்பேட்டில் விட்டுவிடாது, 1938-இல் வட சென்னையில் தோன்றிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடத்திற்கு ஆற்றுப்படுத்துக. உதவி செய்ய ஒருப்படாதார் அளத்தற்கும் உரியரல்லர் என்பது நம் துணிபு.