ஆசிரியர் சங்கமும் அரசாங்கமும்

இந்தியாவில் ஆசிரியர் தினம் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளில் வருகிறது. நம் நாட்டில் மே 16. காரணம், 1956-இல் அந்த நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கை கூட்டரசுச் சட்டமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆக, நாம் கொண்டாடுவது ஓர் அரசாங்க அறிக்கையின் நாள். ஆசிரியருக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவை ஆராய இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசாங்கப் பணத்தில் சம்பளம் வாங்கினாலும் முழுமையான அரசாங்க ஊழியர்கள் அல்லர். ஆசிரியைகளின் நிலை இன்னும் மோசம். ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆனால் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்! இதை எதிர்த்து 1960-இல் உருவான பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவி ராசம்மா பூபாலன். பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தமிழ்ப் பெண்மணியின் பெயர் தெரியும்?

1967-இல் தேசிய ஆசிரியர் சங்கம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது. அதன் விளைவாக அசிஸ் ஆணையம் வந்தது. 1969-இல் பெண்களுக்குச் சம ஊதியமும் வந்தது. 1974 ஜனவரி முதல் நாள் கல்விச் சேவை ஆணையம் செயல்படத் தொடங்கியது. நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதன் கையில். பழைய சங்கங்களின் இணைப்பில் என்.யு.டி.பி. எனும் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

வென்றது பெரிது. ஆனால் விலையும் உண்டு. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தில் கூட்டுப் பேரம் பற்றிய பகுதிகள் அரசாங்க ஊழியர்களுக்குப் பொருந்தா. 1993-ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளின் 19-ஆவது விதி, அனுமதியின்றிப் பொது அறிக்கை விடுவதைத் தடுக்கிறது. நாளிதழ்களில் ஆசிரியர் பிரச்சினை என்றாலே சங்கச் செயலாளரின் பெயர் மட்டும் வருவதன் காரணம் இதுவே எனக் கருதுகிறேன். இதனால் சங்கம் வலுவிழந்துவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. 2012 தொடக்கத்தில் அமலான புதிய சம்பளத் திட்டத்தை, கியூபெக்ஸ் உள்ளிட்ட அரசாங்க ஊழியர் சங்கங்களின் அதிருப்திக்குப் பின், மார்ச் மாதமே அரசாங்கம் மீட்டுக்கொண்டது. வேலை நிறுத்தம் ஏதும் நடக்கவில்லை. பொதுத் தேர்தல் நெருங்கியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

சம்பளம் கேட்டவர்களுக்கு ஆணையம் கிடைத்தது. மொழிக்காகக் குரல் கொடுத்தவருக்கு? சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் தலைவராக இருந்த லிம் லியான் கியோக், கோலாலம்பூரில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1961-இல் அவருடைய ஆசிரியர் அனுமதியும் குடியுரிமையும் பறிக்கப்பட்டன. 1985-இல் இறக்கும்வரை குடியுரிமை திரும்பவில்லை.

இன்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் இடமாற்றத்தைப் பற்றிச் சங்கத்திடம் முறையிடலாம். பள்ளியின் நிலம், கட்டடம், மாணவர் எண்ணிக்கை பற்றி மேடையில் பேசுபவர்களோ மேலாளர் வாரியத்தினரும் பெற்றோர்களும்தான். 19-ஆவது விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது.